பழுதில்லாமல் துய்ப்பது: ஒரு சட்ட வாக்கியத்துக்கு உரை

திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தார்கள் என்பார்கள். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களை ஆளும் ஒரு வாக்கியத்துக்கு உரை சொன்னவர்களை எண்ணப் புகுந்தால் விரல்கள் போதா. நீதிபதிகள், துறை இயக்குநர்கள், பனிவண்டி வாடகைக்கு விடுகிறவர்கள், கரடி ஆராய்ச்சியாளர்கள், மலையேறிகள், ஓட்டல் முதலாளிகள் என்று நூறு வருடத்துக்கு மேலாக ஆளாளுக்குப் பொருள் சொல்லிவருகிறார்கள். பூங்கா என்பது ஜனங்கள் வந்து மகிழ்வதற்கா, ஜனங்களிடமிருந்து காப்பாற்றி வைப்பதற்கா என்று எப்போது வாக்குவாதம் மூண்டாலும் இரண்டு தரப்பும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகின்றன.

1916 ஆகஸ்ட் 25 அன்று அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட தேசியப் பூங்கா சேவைச் சட்டத்தின் முதல் பிரிவில் அது இருக்கிறது. வாக்கியத்தின் உயிரான பகுதியை எழுதியவர் பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் இளையவர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டின் மகன். அவருக்கும் அதே தொழில். அப்பா 1865இலேயே யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பற்றி ஓர் அறிக்கை எழுதியவர். இன்று வரும் சிலர் செய்யும் சின்னச் சேதம், நாளைக்கு லட்சக்கணக்கானோர் வரும்போது என்ன ஆகும் என்று அப்போதே கணக்குப் போட்டுப் பார்த்தவர். பிள்ளை அந்தக் கணக்கைச் சட்டத்தின் ஒரு தொடருக்குள் அடக்கப் பார்த்தார்.

வாக்கியத்தின் சாரத்தைத் தமிழில் இப்படி வைக்கிறேன்.

மூலம்: தேசியப் பூங்காக்கள் எனப்படும் இடங்களின் பயன்பாட்டை இச்சேவை வளர்க்கவும் ஒழுங்குபடுத்தவும் வேண்டும், அவ்விடங்களின் அடிப்படை நோக்கத்துக்கு இசைந்த வழிகளிலேயே அதைச் செய்ய வேண்டும். அந்த நோக்கமாவது: காட்சிவளத்தையும், இயற்கைப் பொருள்களையும் வரலாற்றுப் பொருள்களையும், அவற்றினுள் உள்ள வன உயிர்களையும் காப்பதும், வருங்காலத் தலைமுறைகளின் துய்ப்புக்காக அவற்றைப் பழுதில்லாமல் விட்டுவைக்கும் விதத்திலும் வழிகளிலும் அவற்றைத் துய்க்க ஏற்பாடு செய்வதும்.

இனித் தொடர் தொடராக.

"வளர்க்கவும் ஒழுங்குபடுத்தவும்"

காப்பதற்காக ஒரு துறை. அதற்கு இடப்பட்ட முதல் கட்டளையோ பயன்பாட்டை வளர்க்கச் சொல்கிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்து என்றல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள, சட்டம் பிறந்த சூழ்நிலைக்குப் போக வேண்டும்.

1913இல் யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி என்ற பள்ளத்தாக்கை சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் குடிநீருக்காக அணை கட்டி மூழ்கடிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. இயற்கைப் பாதுகாப்புக்காகப் போராடிய எழுத்தாளர் ஜான் மியூர் கடைசி மூச்சுவரை எதிர்த்துப் பார்த்தார். அடுத்த வருடக் கடைசியில் இறந்துபோனார். தோற்றவர்கள் கற்ற பாடம் ஒன்றுண்டு: அந்தப் பள்ளத்தாக்கை நேரில் பார்த்திருந்தவர்கள் மிகக் குறைவு. பார்க்காத இடத்துக்காக யார் வந்து கத்துவார்கள்?

பூங்காச் சேவைக்காகப் பாடுபட்ட ஸ்டீபன் மேதர் வெண்காரம் விற்றுப் பணம் சேர்த்தவர். விளம்பரத்தின் வித்தை அவருக்குக் கைவந்தது. 1915 ஜூலையில் எம்.பி., பத்திரிகைக்காரர், தொழிலதிபர் எனச் செல்வாக்குள்ள ஒரு பதினைந்து பேரைத் தன் செலவில் சியரா மலைக்குக் கூட்டிப்போனார். சமையலுக்கு டை சிங் என்ற சீனக்காரர்; நில அளவைத் துறையில் பேர்போன முகாம் சமையல்காரர். நடுக்காட்டில் வெள்ளை மேசைவிரிப்பு போட்டுச் சாப்பாடு. ஊர் திரும்பியவர்கள் மசோதாவுக்குக் கை தூக்கினார்கள், பேனா தூக்கினார்கள். ரயில் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. பூங்காக்களின் படங்கள் நிறைந்த ஆடம்பரத் தொகுப்பு ஒன்றை அச்சடிக்க 43,000 டாலர் கொடுத்தார்கள். டிக்கெட் விற்க வேண்டுமே!

ஆக, காப்பதற்கான சட்டமே உல்லாசப் பயணத்தின் வயிற்றில் பிறந்தது. கூட்டம் வந்தால் ஓட்டு வரும், ஓட்டு வந்தால் அணை வராது. அன்றைக்கு அது சரியான கணக்குத்தான். இன்றைய சூழலியலாளர்கள் மேதரைக் கிண்டல் செய்யும்போது இதை மறந்துவிடுகிறார்கள். சட்டம் வந்தபோது துறையிடம் இருந்தவை பூங்காக்களும் தேசிய நினைவுச்சின்னங்களுமாக 35. வந்துபோனவர்கள் மூன்றரை லட்சம் பேர். இப்போது இடங்கள் நானூற்றுக்கு மேல். 2024இல் வருகைக் கணக்கு 33 கோடியைத் தாண்டியது. வளர்க்கச் சொன்ன வேலையில் துறை குறை வைக்கவில்லை.

"அடிப்படை நோக்கம்"

ஒருமை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் துறையின் உள்ளேயும் வெளியேயும் 'இரட்டைக் கட்டளை' என்று பேசிப் பேசி, சட்டத்தில் இரண்டு நோக்கங்கள் இருப்பதாகவே பலர் நம்பிவிட்டார்கள். மூலத்தில் இருப்பது ஒரே நோக்கம். அதற்கு இரண்டு வினைகள். வண்டி ஒன்று, சக்கரம் இரண்டு. இரண்டு வண்டி என்று சொல்லிவிட்டால், அவற்றை எதிரெதிர்த் திசையில் ஓட்டலாம் என்றாகிவிடும்.

"காட்சிவளத்தையும்... வன உயிர்களையும்"

பரிமேலழகர் கையில் இது கிடைத்திருந்தால் முதலில் முறைவைப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பார். எது முதலில் வைக்கப்பட்டது, எது ஈற்றில், ஏன்?

முதலில் காட்சி, கடைசியில் விலங்கு. ரயிலிலிருந்து இறங்கியவனின் கண் எந்த வரிசையில் பார்க்குமோ அந்த வரிசை. மலை, அருவி, வெந்நீர் ஊற்று. அப்புறம் அங்கங்கே மான். காடு என்பது ஒன்றோடொன்று பின்னிய ஓர் உயிர்வலை என்ற எண்ணம் இந்த வாக்கியத்தில் இல்லை. குற்றம் சொல்ல முடியாது. 1916இல் அந்தச் சிந்தனை சட்டம் எழுதுகிறவர்களின் மேசைக்கு வந்திருக்கவில்லை.

ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். பூங்காவின் பயன்பாட்டுக்குத் தீங்கானவை என்று கருதும் விலங்குகளையும் செடிகளையும் அழிக்கலாம் என்று இதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு அனுமதி கொடுத்தது. ஓநாய் தீங்கானது, மான் அழகானது. யெல்லோஸ்டோனின் கடைசி ஓநாய்களைக் கொன்றவர்கள் கள்ள வேட்டைக்காரர்கள் அல்லர், பூங்காவின் சொந்த ஊழியர்களே. 1926க்குள் கதை முடிந்தது. தின்ன ஆளில்லாமல் பெருகிய எல்க் மான்கள் ஆற்றோர மரக்கன்றுகளைக் கடித்து மொட்டையாக்கின. அப்புறம் பூங்காக்காரர்களே மான்களையும் சுட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. 1995, 1996 குளிர்காலங்களில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதெல்லாம் இந்தப் பழைய பிழைக்குப் பிராயச்சித்தம்.

இடையில் ஜார்ஜ் மெலெண்டஸ் ரைட் என்ற இளைஞர் வந்தார். 1920களின் கடைசியில், தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பூங்காக்களின் விலங்குகளை முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார். விலங்கைப் பொம்மையாகப் பார்க்காதீர்கள் என்று துறைக்குள்ளிருந்தே சொன்னவர். 1936இல் கார் விபத்தில் இறந்தார். அவர் தொடங்கிய வேலையும் சோர்ந்துபோனது. 1963இல் ஸ்டார்க்கர் லியோபோல்டு தலைமையிலான குழு வந்து, பழைய உயிர்ச்சமூகத்தைப் பேணுவதே வேலை என்று எழுதும்வரை கடைசியில் கிடந்த 'வன உயிர்' முன்னுக்கு வரவில்லை.

"அவற்றினுள் உள்ள"

எதற்குள் என்ன உள்ளது என்று பட்டியல் போட்ட சட்டம் மனிதர்களை விட்டுவிட்டது. யோசெமிட்டியில் அவானிச்சி மக்கள் இருந்தார்கள். 1851இல் துப்பாக்கிப் படை வந்து அவர்களை விரட்டியது. திரும்பி வந்து ஒண்டியவர்களின் கடைசிக் குடியிருப்பு 1969இல் தரைமட்டமானது. யெல்லோஸ்டோனில் மலையாட்டு வேட்டையில் வாழ்ந்த துக்குடிக்கா மக்களை, பூங்கா வந்து பத்து வருடத்துக்குள் வெளியேற்றினார்கள். பயணிகள் பயப்படக்கூடாது என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. ஆக, பொழுதுபோக்கா பாதுகாப்பா என்ற சண்டைக்கு முன்னால், இரண்டுக்குமே இடைஞ்சல் என்று ஒரு கூட்டத்தை அப்புறப்படுத்தியாகிவிட்டது. இந்தச் சண்டையில் வாதி பிரதிவாதி இருவருமே பிறகு வந்தவர்கள்.

"காப்பதும்... துய்க்க ஏற்பாடு செய்வதும்"

இங்கேதான் உரைகாரன் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆங்கில மூலத்தில் காப்பது, 'மற்றும்', துய்க்க ஏற்பாடு செய்வது, அதற்கப்புறம் கடைசியாக 'பழுதில்லாமல் விட்டுவைக்கும் விதத்திலும் வழிகளிலும்' என்ற தொடர் வால்போலத் தொங்குகிறது. அந்த வால் எந்த வினையோடு சேர்ந்தது? இரண்டோடுமா, கடைசி வினையோடு மட்டுமா? ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் வாதாட இடமுண்டு. வக்கீல்கள் பிழைப்பதே இப்படித் தொங்கும் வால்களால்தான்.

தமிழில் அந்தச் சௌகரியம் கிடையாது. நம் மொழியில் அடை முன்னால் வரும். வினை பின்னால் வரும். 'பழுதில்லாமல் விட்டுவைக்கும் விதத்தில்' என்பதை எழுதும்போதே அது எந்த வினையைக் கொண்டு முடிகிறது என்று மொழிபெயர்க்கிறவன் தீர்மானித்தாக வேண்டும். முதலில் 'காப்பதும்' என்பதற்கு முன்னால் போட்டுப் பார்த்தேன். பழுதில்லாமல் விட்டுவைக்கும் விதத்தில் காப்பது! காப்பது என்றாலே பழுதில்லாமல் வைப்பதுதானே? கூறியது கூறல் என்ற குற்றம் வந்து நின்றது. 'துய்க்க ஏற்பாடு செய்வதும்' என்பதற்கு முன்னால் வைத்ததும் தொடர் தானாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் உம்மை எண்ணும்மைதான். ஆனால் எண்ணப்பட்ட இரண்டும் சரிநிகர் இல்லை. காப்பதற்கு நிபந்தனை ஏதுமில்லை. துய்ப்புக்கு உண்டு. ஒரு மாடு அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது, மற்றது கயிற்றில் கட்டியிருக்கிறது. கயிறு நீளமானதுதான், மாடு நன்றாக மேயலாம். ஆனால் முளை அடித்த இடம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சமமாக நிறுத்து நடுநிலை காண வேண்டும் என்று பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இந்த இலக்கணமே காரணம்.

நம் நாட்டுச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இதன் விசித்திரம் தெரியும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேசியப் பூங்காவின் நோக்கம் வன உயிரும் அதன் சூழலும். ஆராய்ச்சி, புகைப்படம் போன்றவற்றோடு, உள்ளே போக அனுமதி தரத்தக்க காரணங்களில் ஒன்றாகச் சுற்றுலா வரும். அங்கே துய்ப்பு நோக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இங்கே வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறது.

"துய்க்க"

அனுபவிப்பது என்றால் என்ன? பத்திர எழுத்தர்களைக் கேட்டால் சொல்வார்கள். தகப்பன் எழுதும் உயிலில் மகனுக்கு ஆயுள்கால அனுபோக பாத்தியம் மட்டும் கொடுப்பதுண்டு: 'தன் ஆயுள் பரியந்தம் எவ்வித வில்லங்கத்துக்கும் உட்படுத்தாமல் ஆண்டு அனுபவித்து வரவேண்டியது, பிறகு பேரப்பிள்ளைகள் சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது.' மகன் தேங்காய் பறித்துச் சாப்பிடலாம், திண்ணையில் காற்று வாங்கலாம். மரத்தை வெட்டி விற்க முடியாது, வீட்டை அடமானம் வைக்க முடியாது. ஓம்ஸ்டெட் எழுதியதும் இப்படி ஓர் உயில்தான். ஒரே வித்தியாசம், இதில் பேரனுக்கும் சர்வ சுதந்திரம் வராது. அவனுக்கும் அதே ஆயுள்கால அனுபோகந்தான்.

ஆனால் எதை அனுபவிப்பது? யெல்லோஸ்டோனில் ஒரு காலத்தில் ஓட்டல் எச்சில்களை ஓரிடத்தில் கொட்டுவார்கள். சுற்றிலும் ஜனங்கள் உட்காரப் படிவரிசை. இருட்டத் தொடங்கும்போது கரடிகள் வரும். துப்பாக்கியோடு குதிரைமேல் இருந்தபடி ரேஞ்சர் ஒருவர் கரடிகளின் குணங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவார். காட்டு விலங்கைப் பார்த்த திருப்தியோடு ஜனங்கள் எழுந்து போவார்கள். உண்மையில் பார்த்தது குப்பைமேட்டுப் பந்தி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் அது நின்றது.

யோசெமிட்டியின் நெருப்பருவி இன்னும் சுவாரசியமான வழக்கு. கோடைக்கால இரவுகளில் ஒன்பது மணி. கீழே முகாமில் ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து நிற்பார்கள். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் கிளேசியர் பாயிண்ட் பாறை விளிம்பில் செந்தேவதாரு மரப்பட்டைகளை எரித்துக் கனலாக்கி வைத்திருப்பார்கள். கீழிருந்து ஒரு குரல் உரக்கக் கூப்பிடும், மேலிருந்து பதில் குரல் வரும். பிறகு நீண்ட கோலால் கனலைக் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு வெளியே தள்ளுவார்கள். பொன்னிற அருவி ஒன்று பாறையில் வழிந்து இறங்கும். பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்கவில்லை. 1968 ஜனவரியோடு, துறையின் இயக்குநர் ஜார்ஜ் ஹார்ட்சாக் காலத்தில், அது நின்றது. பார்க்க வந்த கூட்டம் புல்வெளிகளை மிதித்து நாசமாக்கியது, கார்கள் நகர வழியில்லை என்பது ஒரு காரணம். இயற்கையின் மடியில் செயற்கை வாணவேடிக்கை எதற்கு என்பது இன்னொன்று.

இரண்டாவது காரணத்தை அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே பள்ளத்தாக்கில், எல் கேப்பிடன் பாறையின் பக்கவாட்டில் விழும் ஹார்ஸ்டெயில் என்ற மெல்லிய அருவிமேல் பிப்ரவரியில் சில நாட்கள் மட்டும் அந்திவெயில் சரியாக விழுந்து, அருவி முழுக்கத் தணல்போல மின்னும். கலப்படமில்லாத இயற்கை. அதைப் படம்பிடிக்க முக்காலியோடு வந்த கூட்டமும் ஆற்றங்கரையை மிதித்துச் சரித்தது. சாலை ஓரத்தை மூட வேண்டி வந்தது, சில வருடங்களில் முன்பதிவும் வேண்டியிருந்தது. நெருப்பு செயற்கையா இயற்கையா என்பதைப் புல் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை கால்கள் என்பதுதான்.

"விதத்திலும் வழிகளிலும்"

எதை அனுபவிக்கிறோம் என்பதைவிட எதில் ஏறி வந்து அனுபவிக்கிறோம் என்பதில்தான் பெரிய சண்டைகள் எல்லாம். யோசெமிட்டிக்குள் 1913இல் காரை அனுமதித்தார்கள், யெல்லோஸ்டோனில் 1915இல். 1956 முதல் 1966 வரை 'மிஷன் 66' என்ற பத்து வருடத் திட்டத்தில் நூறு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்துச் சாலையும் பார்க்கிங்கும் வரவேற்பு மையங்களுமாகக் கட்டித் தள்ளினார்கள். யோசெமிட்டியின் தியோகா சாலையை அகலப்படுத்த, பனியாறு மெருகேற்றிய கருங்கல் பாறையை வெடிவைத்துத் தகர்த்தபோது புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் கொதித்துப்போனார். ஆர்ச்சஸ் பூங்காவில் ரேஞ்சராக இருந்த எட்வர்ட் ஆபி 1968இல் ஒரு புத்தகமே எழுதி, பூங்காவுக்குள் கார் கூடாது, நடந்து வா, சைக்கிளில் வா, குதிரையில் வா என்றார். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் இரக்கமான பதில் இல்லை. கால் வலுவுள்ளவனுக்கு மட்டும் காடு என்பது ஒருவிதமான சலுகைதான்.

பனிவண்டி வழக்கு இந்தத் தொடருக்கு நடந்த மிக நீண்ட உரைப்போர். 1963இல் யெல்லோஸ்டோனுக்குள் நுழைந்த ஸ்னோமொபைல்கள் 1990களில் நெருக்கடியான நாட்களில் ஆயிரத்துக்கும் மேல் ஓடின. மேற்கு வாசல் குளிரில் உறைந்து கிடக்கும் ஒரு காலை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வரிசையாக உறுமி நிற்கின்றன. காற்று அசையாததால் நீலப்புகை அப்படியே தங்கிவிடுகிறது. சீட்டு கொடுக்கும் சாவடிக்குள் குழாய் வழியாக நல்ல காற்றை அனுப்பினார்கள். அதுவும் போதாமல் ரேஞ்சர்கள் சுவாசக் கவசம் போட்டுக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். உலகத்தின் முதல் தேசியப் பூங்காவின் வாசலில்! 2002இல் வெளிவந்த அந்தக் காட்சி பத்து வாதங்களுக்குச் சமம்.

கிளின்டன் அரசு கடைசி நாட்களில் படிப்படியான தடை கொண்டுவந்தது. புஷ் அரசு தளர்த்தியது. வாஷிங்டன் நீதிபதி தடை வேண்டும் என்றார். சில வாரங்களிலேயே வயோமிங் நீதிபதி கூடாது என்றார். வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் வண்டியை வாடகைக்கு விட்டுக் குளிர்காலத்தைத் தள்ளுகிறவர்களுக்கு எந்த உத்தரவை நம்பிக் கடன் வாங்குவது என்று தெரியவில்லை. 2013இல் முடிவான விதி ஒன்று வந்தது: எண்ணிக்கைக்கு வரம்பு, புகையும் இரைச்சலும் குறைந்த வண்டிகள் மட்டும். துய்ப்பு நிற்கவில்லை, வழி மாறியது. அந்தத் தொடர் கேட்டதும் அதைத்தான்.

சயான் பூங்காவின் பள்ளத்தாக்கு இதைச் சச்சரவில்லாமல் செய்து காட்டியது. 2000 முதல் சீசனில் உள்சாலையில் சொந்தக் கார் கிடையாது, ஷட்டில் பஸ்தான். அங்கேயே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்று ஒரு பாறை முகடு இருக்கிறது; கடைசிப் பகுதியில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இருபுறமும் பாதாளம் தெரிய ஏற வேண்டும். இறங்குகிறவர்கள் வழிவிடும்வரை ஏறுகிறவர்கள் சங்கிலியை இறுகப் பற்றியபடி நிற்பார்கள். நெரிசல் தாங்காமல் 2022 ஏப்ரல் முதல் லாட்டரி. யோசெமிட்டியின் ஹாஃப் டோம் கம்பிவடப் பாதைக்கு 2010இலேயே பர்மிட் வந்துவிட்டது. மலையேறச் சீட்டுக் குலுக்கல் என்பது கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. பணம் அதிகம் கொடுப்பவனுக்கு முதலிடம் என்பதைவிட எனக்கு இது தேவலை.

"பழுதில்லாமல்"

வாக்கியத்தின் முளைக்குச்சி இந்தச் சொல். ஆனால் பழுது என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு கால்தடம் பழுதா? ஒரு சாலை? ஒரு ஓட்டல்? அப்படிப் பார்த்தால் கட்டப்பட்ட ஒவ்வொரு கழிப்பறையும் பழுதுதான்.

யூட்டா மாநிலத்தின் கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவில் சால்ட் கிரீக் என்று ஓர் ஓடை. அந்த வறண்ட பூமியில், பெரிய ஆறுகள் இரண்டை விட்டால், வருடம் முழுக்க நீர் காணும் ஓடை அது ஒன்றே. ஓடைப் படுகைக்குள்ளேயே ஜீப் பாதை. தண்ணீரில் இறங்கி ஏறி இறங்கி ஏறித்தான் போக வேண்டும். 1990களில் பூங்கா நிர்வாகம் பர்மிட் வைத்து ஜீப்பைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. சூழலியல் அமைப்பொன்று அதுவும் போதாதென்று வழக்கு போட்டது. 1998இல் கீழ்க்கோர்ட்டு ஜீப் கூடாது என்றது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பழுது என்பதற்குத் துறையே பொருள் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பியது. கடைசியில் துறை பாதையை மூடியது. உடனே மாவட்ட நிர்வாகம் 1866ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமொன்றைத் தோண்டியெடுத்து, இது எங்கள் பழைய சாலை என்று உரிமை கோரித் தோற்றது. ஒரு சின்ன ஓடைக்கு இவ்வளவு.

துறை சொன்ன பொருள் 2001, 2006 கொள்கை ஏடுகளில் இருக்கிறது: காப்பதும் துய்ப்பதும் மோதினால் காப்பதே முந்தும். இடையில் 2005இல் உள்துறை அதிகாரி ஒருவர் இதைத் தலைகீழாக மாற்ற ஒரு வரைவு தயாரித்தார். அது வெளியே கசிந்து, ஓய்வுபெற்ற ரேஞ்சர்கள் வரை கொந்தளித்ததில் பழைய பொருளே நிலைத்தது. 1978இலேயே நாடாளுமன்றம், பூங்காக்களின் மதிப்பைக் குலைக்கும் எதையும் நிர்வாகம் செய்யலாகாது என்று ஒரு திருத்தத்தில் சொல்லியிருந்தது. ஓம்ஸ்டெட் வாக்கியத்தில் வைத்துவிட்டுப் போனதைத் துறை வெளிப்படையாக எழுத 85 வருடம் ஆயிற்று. வாக்கியம் தெளிவில்லாததால் அல்ல. கயிற்றைப் பிடித்திருந்த கைக்குக் கூட்டத்தின் ஓட்டும் பட்ஜெட்டும் தேவைப்பட்டன.

"வருங்காலத் தலைமுறைகளின் துய்ப்புக்காக"

சட்டத்தின் பார்வையில் வருங்காலத் தலைமுறை யார்? 1916ஐப் பொறுத்தவரை இன்று பூங்கா வாசலில் நிற்கிறவர்கள்தான். அவர்களுக்குப் பழுதில்லாமல் வந்து சேர்ந்ததா?

யெல்லோஸ்டோனில் மார்னிங் குளோரி என்ற வெந்நீர்க் குளம் இருக்கிறது. தாளி இனத்துக் கொடிப்பூ ஒன்றின் பெயர். அந்தப் பூவைப் போலவே வாய் அகன்று தொண்டை குறுகி, ஆழ்ந்த நீலமாக இருந்ததால் வைத்தது. முன்பு சாலை அதன் விளிம்பை ஒட்டியே போனது. காரை நிறுத்தி, இறங்கி, எட்டிப் பார்த்து, ஒரு காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். காவிரிப் பாலத்தில் ரயில் ஏறியதும் ஜன்னல் வழியே காசு வீசும் நமக்கு அந்தக் கை அசைவு நன்றாகத் தெரியும். ஆறு காசை அடித்துக்கொண்டு போய்விடும். குளத்தின் அடியில் இருந்ததோ வெந்நீர் ஏறிவரும் துவாரம். காசும் கல்லும் அதை அடைத்தன. 1950இல் ஊழியர்கள் நீர்மட்டத்தை இறக்கி, ஊற்றைப் பீறிட வைத்துச் சுத்தம் செய்தபோது, காசுகளோடு கைக்குட்டைகளும் காலுறைகளும்கூட வந்தன.

அடைபட்டதால் சூடு குறைந்தது. சூடு குறைந்ததும், இளஞ்சூட்டில் வாழும் மஞ்சள், ஆரஞ்சு நிற நுண்ணுயிர்கள் கரையிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்தன. சாலையை விலக்கிவிட்டார்கள், இப்போது நடந்துதான் போக வேண்டும். குளத்தருகே ஒரு பலகை காரணத்தைச் சொல்கிறது. முழு நீலமாக அதைப் பார்த்த கண்கள் இன்று அநேகமாக இல்லை. வந்து நிற்கிறவர்கள் பார்ப்பது நடுவில் பச்சை, அதைச் சுற்றி மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு. என்ன நிறம், என்ன நிறம் என்று வியந்து, அந்த மஞ்சள் வளையம் தெளிவாக விழும்படி செல்போனைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.